சத்தமாக வாசித்த செய்தி

ஆகஸ்ட் 12, செவ்வாய். கஹவத்தை.

லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் இல்லாததால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பலர் என் கடை நம்பரைத்தான் கொடுக்கிறார்கள். வரும் செய்தியை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிப்பேன். அதில் யாவாரமும் நடக்கும்.

இன்று கொழுந்து பறிக்கும் செல்வி வந்தாள். "கொழும்புல தையல் வேல கெடைச்சிருச்சு புள்ள, திங்கக்கெழம வரச் சொல்றாங்க!" என்று கத்தினேன். மாவு வாங்க நின்ற அவள் மாமியார் திரும்பினாள். "ஓஹோ, அப்படியா? வீட்டுக்கு வா, என் மகன்கிட்டயே சொல்றேன்."

"நேரம் பாத்து நானே சொல்லியிருப்பேன், மொதலாளி," என்றாள் செல்வி. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

என் சொந்தப் போன் என் விரல் வைத்தால்தான் திறக்கும். பெண்சாதிக்குக்கூடத் திறக்காது.

இப்போது செல்விக்கு இன்னொரு செய்தி வந்திருக்கிறது. வருவாளா என்று நாளைக்குள் சொல்ல வேண்டுமாம். அவளுக்கு மட்டும் கேட்கும்படி எப்படிச் சொல்வது? என் கடையில் மெதுவாகப் பேச ஓர் இடம்கூட இல்லை.