என் பெயர் இல்லாத ரோஸ்டர்

பிப்ரவரி 9, திங்கள். பத்து பகாட், மலேசியா

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல் இருந்து வரவில்லை.

மெல்பர்னிலிருந்து கடிதம் வந்துவிட்டது! குழந்தைகளின் இதய அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் பயிற்சி. ஜூலை முதல் ஒரு வருடம். நாற்பத்தொரு வயதில். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன், இதுதான் கடைசி. ஆஸ்பத்திரி என்னை விடுவிக்கும் கடிதம் வெள்ளி மாலை ஐந்துக்குள் அங்கே போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் பிரபுவுக்கு என்னைவிட அவசரம். மூவாரில் வேலை முடிந்து வரும் வழியில், பழைய துணி விற்கும் பண்டல் கடையில் குளிர் கோட்டு ஒன்று வாங்கி வந்துவிட்டார். பச்சை. முழங்கால் வரை. மாட்டிப் பார்த்தேன், வியர்த்து ஊற்றியது.

பிப். 10, செவ்வாய்

துறைத் தலைவர் டா. லிம் மாட்டேன் என்று சொல்லவில்லை. நிபுணர்கள் மொத்தமே மூன்று பேர்: அவர், நான், மேரி. யாருக்கு எந்த நாள் வேலை என்ற ரோஸ்டர் போடுவது எப்போதும் நான். நான் இல்லாத ரோஸ்டரை ஜூலையிலிருந்து டிசம்பர் வரை நானே போட்டுக் காட்ட வேண்டுமாம். ஓட்டை இல்லையென்றால் கையெழுத்து.

அதுவரை யாரிடமும் சொல்வதாக இல்லை. மேரியிடமும்.

செய்ய வேண்டியது: ரோஸ்டர். வார இறுதிக்கு மூவாரிலிருந்து ஆள். பாஸ்போர்ட். கறிவேப்பிலைச் செடிக்கு உரம்.

பிப். 11, புதன்

மூவார் டாக்டர் சரி என்றார். சனி, ஞாயிறு அவர். மற்ற நாள்கள் லிம், மேரி, லிம், மேரி. கட்டமெல்லாம் நிறைந்துவிட்டது. ஆனால் மேரி.

எலும்பு அறுவையின்போது எக்ஸ்ரே மெஷின் உள்ளே வந்தாலே வெளியே போய்விடுகிறாள், மூன்று வாரமாக. "ஈய ஏப்ரன் கனமா இருக்குக்கா, நீங்க கொஞ்சம் நில்லுங்க." கேண்டீனில் நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் சோற்று வாசனைக்கு முகத்தைத் திருப்புகிறாள். போன வருடம் ஒன்று தங்கவில்லை. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. டாக்டரானாலும் அதுதான் வழக்கம்.

விரல் விட்டு எண்ணினேன். ஆகஸ்டில் பிரசவம். அதற்குமுன் ஒன்று விட்டு ஒரு நாள் இரவு ஆன்-கால் டியூட்டி, அந்த வயிற்றோடு. அதற்குப்பின் டா. லிம் மட்டும்.

லீவு நோட்டில் அவள் X போடவில்லை. X இல்லாத நாளில் யார் பெயரையும் எழுதலாம், அது துறை விதி. எனக்கு ஒன்றும் தெரியாது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிப். 12, வியாழன்

ரோஸ்டர் கொடுத்தேன். டா. லிம் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். கையெழுத்து. கடிதம் என் பையில்.

ஏன் இன்னும் அனுப்பவில்லை? ஸ்கேனர் பழுது என்று எழுதலாம். பழுதில்லை.

பிரபு: "லெட்டர் கைக்கு வந்தும் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" தலைவலி என்றேன்.

பிப். 13, வெள்ளி

மழை, கடைசியில். 4.20. மேரி அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இன்னியோட மூணு மாசம் முடிஞ்சிருச்சு. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். போன தடவ மாதிரி ஆயிருமோன்னு ஒரே பயம். ஆனா ரோஸ்டர் போடுறது நீங்கதானே, அக்கா பாத்துப்பாங்கன்னு மனச தேத்திக்கிட்டேன்."

கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னேன். அவள் போனதும் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.

4.40. டா. லிம்மிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ரோஸ்டரில் தப்புச் செய்துவிட்டேன், ஓட்டை இருக்கிறது என்றேன். எங்கே என்றார். திங்களன்று சொல்கிறேன் என்றேன். அது மேரி சொல்ல வேண்டியது.

4.55. மெல்பர்னுக்கு மெயில். வர இயலவில்லை. இரண்டே வரி.

நல்ல மனசெல்லாம் இல்லை. மேரி மேல் கோபம். ஒரு நாள் கழித்துச் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் பிரபுவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கோட்டை எடுத்து, அதன் கைகளை உள்ளே விட்டு, மெதுவாக மடித்தார்.

"பண்டல் கடைல திருப்பி வாங்க மாட்டாங்க லா" என்றார்.