கிழக்குச் சுவரோரப் பாத்தி

அன்புள்ள குருவியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. வேலை அதிகம், அதனால்தான் தாமதம் என்று எழுதலாம். உண்மையில் எழுதப் பயந்துகொண்டிருந்தேன். எப்போதும் "இங்கே எல்லோரும் சுகம்" என்று தொடங்குவேன். இந்த முறை கை வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். புல் பிடித்துவிட்டது. கல் பதித்த பாதை நீங்கள் வரைந்து அனுப்பியபடியே வளைந்து கேட் வரை போகிறது. வேலியோரச் செடிகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. ஆனால் கிழக்குச் சுவரை ஒட்டி மேடாகப் போடச் சொன்ன பூப்பாத்தி இப்போது இல்லை. போன வாரம் வெட்டி எடுத்துவிட்டோம். கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

அந்தச் சுவருக்கு உட்பக்கம்தான் குருவியின் கட்டில். மழை நின்று எத்தனையோ நாளாகியும் அங்கே சுவர் காயவே இல்லை. அடிப்பூச்சு உப்பிப் பொலபொலவென்று உதிர்ந்தது. பெயிண்ட் அடித்தேன், பதினைந்தே நாளில் கறுப்புப் புள்ளிகள். பீரோவை நகர்த்தி மறைத்தேன். அவள் இருமியபோது சளி என்று நினைத்தேன். மூன்று மாதமாகச் சளி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு உங்களால் என்ன செய்ய முடியும் என்று, இதில் ஒரு வரிகூட எழுதாமல் பூக்களைப் படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் கடிதத்தில் தோட்டத்துக்கு ஒரு பக்கமும் குருவிக்கு ஒரு வரியும் இருந்ததைப் பார்த்து ஒருநாள் அழுதேன். நான் சொன்னால்தானே நீங்கள் கேட்பீர்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

டாக்டரம்மா அவள் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு, வீட்டில் ஈரம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகக் கொத்தனாரை வரவழைத்தேன்.

அவர் பாத்தியைப் பார்த்ததும், "என்னம்மா, வீட்டை இடுப்பு வரைக்கும் புதைச்சு வெச்சிருக்கீங்க?" என்றார். உள்தரைக்கு ஒரு சாண் கீழேதான் வெளியே மண் நிற்க வேண்டுமாம். "வெறும் செங்கல்லும்மா. ரெண்டு வேளையும் தண்ணி காட்டினா குடிக்காம உங்களைக் கேட்டுட்டா இருக்கும்?" நான் என்ன படித்திருக்கிறேன் என்று விசாரித்தார். தாவரவியல் என்றேன். "அதான் பார்த்தேன், செடிக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். சிரித்தேன். அப்புறம் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உங்கள் மேல் பழி போடவில்லை. நீங்கள் ஒரு சாண் உயரம்தான் வரைந்திருந்தீர்கள். தெருவிலிருந்து எடுப்பாகத் தெரியட்டும், நீங்கள் வரும்போது அசந்துபோக வேண்டும் என்று ஒரு முழமாக்கியது நான்தான்.

மண்ணை அள்ள இரண்டு நாள் பிடித்தது. குருவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூவெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டாள். அப்பாவிடம் என்றேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை கையாட்டினாள்.

சுவர் முழுசாகக் காய நான்கைந்து மாதம் ஆகும் என்கிறார் கொத்தனார். அதுவரை அவளுக்கும் எனக்கும் முன்கூடத்தில்தான் படுக்கை. டாக்டரம்மாவிடம் திரும்பப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மருந்து மாற்றிக் கொடுத்து, அவள் தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார். ஒரு நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

இன்று மதியம் எண்ணினேன். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன், நாற்பத்தொன்று. செருப்பு மாட்டிக்கொண்டு வந்து இன்னொரு தடவை எண்ணினேன், முப்பத்தேழு. என் நெஞ்சு அடித்துக்கொள்கிற வேகத்தில் எதை எண்ணுகிறேன் என்றே தெரிவதில்லை.

லீவு கிடைக்குமா என்று இதுவரை உங்களிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். "உனக்கு எண்ணவே தெரியல" என்று சொல்லுங்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இப்படிக்கு,
குருவியின் அம்மா