ஊற்றருகே ஓர் இருமல்

அன்புள்ள உங்களுக்கு,

ஜாக்ரோஸ் மலையில் நீங்கள் பயந்த அளவுக்குக் குளிர் இல்லை. கூடாரத்தில் உங்கள் தங்கை ஃபரங்கிஸ் என்னை ஒட்டியேதான் படுக்கிறாள். நீங்கள் சொல்லி அனுப்பியபடியே எல்லாம் நடக்கிறது. இங்கே கைபேசி எடுக்காது. அதனால் இதை ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன்.

ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்க வரும் காட்டாடுகளைப் பாறை மறைவில் உட்கார்ந்து எண்ணுவதுதான் தன்னார்வலர்களுக்கு வேலை. அசையக் கூடாது. இன்று காலை ஒரு குட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. என்னைக் கல் என்று நினைத்திருக்கும்.

மதியம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே எங்கள் தலைவி கோல்னெசா கேட்டாள்: "ஏம்மா, அரை மணி நேரத்துல எல்லாரும் நெளிய ஆரம்பிச்சிடுவாங்க. நீ மூச்சு விடுறதுகூடக் கேக்கலையே. எங்க கத்துக்கிட்ட?"

"வீட்டுப் பழக்கம்தான்" என்றேன்.

"உன் வீட்டுக்காரர் குடுத்து வச்சவருதான் போ!"

நானும் சிரித்தேன். நீங்கள் மதியம் தூங்கும்போது, தம்ளரில் கரண்டி படாமல் தேநீரில் கற்கண்டு கலக்குவேனே, அதைச் சொல்லவில்லை.

மாலையில் எண்ணி முடிந்ததும் இருமினேன். இருமல் வரவில்லை, சும்மா இருமிப் பார்த்தேன். அத்தனை ஆடுகளும் ஒரே பாய்ச்சலில் பாறையேறி மறைந்துவிட்டன. மற்றவர்கள் காலை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபரங்கிஸ்தான் திரும்பி வந்து தோளைத் தொட்டாள்: "அண்ணி, முடிஞ்சிருச்சு. இனி அசையலாம்."

வெள்ளிக்கிழமை நீங்கள் கண்ணயர்ந்த பிறகுதான் வந்து சேர்வோம். கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொள்கிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பவள்