பைப்புக்குப் பனியன் போட்ட கதை

நல்லூர்
20.10.2004

சிரஞ்சீவி தங்கதுரைக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், நேற்று மத்தியானத்திலிருந்து நம் ஓட்டுக் கூரையும் சௌக்கியம். சிங்கப்பூரில் நீயும் மருமகளும் குட்டி வர்ஷினியும் சென்னிமலையான் புண்ணியத்தில் அதுபோலவே இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரிங்கப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வேப்பமரம் தாண்டி இருக்கிறது, மருமகள் சிரமப்படுவாள் என்று இரண்டு தீபாவளியாக நீ வரவில்லை. சரி, உன் அறையை ஒட்டியே ஒன்று கட்டியாயிற்று. வாடை போகிற பைப்பைக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்ட கொத்தனாரிடம், பைப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தை நானே அடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தவன் உன் அப்பன்தான். எட்டாவது வரை படித்தவனுக்கு ஒரு சந்து பெரிய விஷயமா. நம் பனியன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, மிஷின் துடைக்க, பாத்திரம் இறக்க, தலையணை அடைக்க எல்லாவற்றுக்கும் நமக்கு அதுதானே, இரண்டு கிலோ பனியன் துணியைத் திணித்து மேலே சிமெண்டைப் பூசி இறங்கினேன். ஏனுங்க, துணி தண்ணி குடிக்காதுங்களா என்று அம்மா கேட்டாள். உனக்கென்ன தெரியும் என்றேன். வேர்வையை உறிஞ்சும் என்று பெட்டியில் அச்சடித்து முப்பது வருஷமாகப் பனியன் விற்கிறவன் நான்.

வெயிலில் சிமெண்டு வெடித்தது. முதல் மழையை அந்தத் துணி வயிறு முட்டக் குடித்து, நிதானமாக மூன்று நாள் கட்டில்மேல் கக்கியது, அதுவும் வர்ஷினிக்கென்று வாங்கிய புது மெத்தையில். அம்மா அதை உன்னிடம் சொல்லித் தொலைத்தாள். அப்படின்னா மழையெல்லாம் முடியட்டும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாயாமே. உனக்கு வந்த நிம்மதி போனுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

அன்றைக்கே நம் டெய்லர் ஜெபக்குமாரைக் கூரையில் ஏற்றினேன், தூத்துக்குடிப் பக்கம் ஓடு வேய்ந்து பழகிய கை. துணியை உருவி உருவிப் போட்டுக்கொண்டே, பைப்புக்குக் குளிருதுன்னு பனியன் போட்டுவிட்டியளா அண்ணாச்சி என்றான். கீழே நின்ற கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள், சம்பளம் கொடுக்கிறவன் என்ற மரியாதைகூட இல்லை. தகரத்தில் அளவாக ஓட்டை போட்டுப் பைப்பில் மாட்டினான், அதன் மேல்விளிம்பை மேல்வரிசை ஓட்டுக்கு அடியில் செருகி, கீழ்விளிம்பைக் கீழ்வரிசை ஓட்டின்மேல் படிய விட்டான், பைப்பைச் சுற்றிப் பழைய வண்டி டியூபை இறுக்கிக் கிளிப் போட்டான். தண்ணிய அடைக்கப் பாக்காதிய, வழுக்கி ஓட விடுங்க என்றான்.

நேற்று கொட்டிய மழையில் நான் அந்தக் கட்டிலில்தான் அண்ணாந்து படுத்துக் கிடந்தேன். ஒரு மணி நேரம், ஒரு சொட்டு இல்லை. அம்மா எட்டிப் பார்த்து, பையனுக்குச் சொல்லீட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

ஆகையால் கண்ணு, கக்கூஸ் உள்ளே வந்துவிட்டது, ஒழுக்கும் நின்றுவிட்டது. இனி வராமல் இருப்பதற்கு நீ ஊட்டு மேலே பழி போட முடியாது, வேறு ஏதாவதுதான் யோசிக்க வேண்டும், நீ படித்தவன், யோசித்துவிடுவாய். மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், மருமகளுக்கு எங்கள் ஆசீர்வாதம், வர்ஷினிக்கு முத்தம். தீபாவளிக்கு இன்னும் இருபத்துமூன்று நாள் இருக்கிறது. மெத்தை காய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
இனிக் கூரை ஏற மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கும்
அப்பா மணியன்