நீங்கள் நட்ட கால்களை அறுத்தோம்

அன்பு நிறைந்த அப்பா,

இல்லை, ஜேசிபி வைக்கவில்லை. கையால்தான். கடப்பாறை, சம்மட்டி, வாடகைக்கு எடுத்த கட்டிங் மெஷின். அம்மா, நான், பின்தெரு வெல்டர், கடைசியில் பெரியப்பா. போதுமாக இருந்தது.

வேலி போய்விட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாலையைப் பார்த்த பக்கம் முழுக்க வெளிச்சம். நம் வீடு இத்தனை அகலம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

வேலூரிலிருந்து இங்கே வந்து நீங்கள் அதை நட்டபோது, கராடியில் நம் வீட்டுக்கு எதிரே சோளக்கொல்லை. எல்லைக்கல் தானாக நகரும் காலம். பக்கத்து மனை ஒருநாள் வேறு யாருடையதாகவோ ஆகியிருந்தது. ஃபேக்டரி விடுமுறை நாட்களில் வேலிக்கால்களுக்கு நீங்களே இரும்பு ஆங்கிள் வெட்டினீர்கள், நீங்களே குழி தோண்டினீர்கள். கம்பி வலையைப் பிடித்த ஒவ்வொரு போல்ட்டின் முனையையும் அடித்து நசுக்கினீர்கள். இனி எந்த ஸ்பேனரும் இதைக் கழற்றாது என்று சிரித்தது நினைவிருக்கிறது. முன்பக்கம் வழியே விடவில்லை. கேட் பின்சந்தில்.

பயம் நியாயம்தான். மனை நம்மிடமே நின்றது.

பிறகு எதிரே முதல் கட்டடம் எழுந்தது. சித்தாள் பெண்கள் வேலியோரம் வந்து தண்ணீர் கேட்பார்கள். வலைக் கண்ணில் டம்ளர் நுழையாது. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி மேலாகக் கொடுப்பாள். அந்த ஸ்டூலில் நின்றுதான் அவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அன்று சாப்பாட்டின்போது உங்களிடம் கேட்டாள். முன்னாடி ஒரு வழி விடுங்க, காலையில இட்லி போட்டு விக்கிறேன்.

"என் பொண்டாட்டி ரோட்டுல நின்னு இட்லி வித்தா, ஃபேக்டரில நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?" என்றீர்கள்.

"அது இருக்கற எடத்துலயே வெச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மறுபடி கேட்கவில்லை. கேட்காத அத்தனை ஆண்டுகளையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களா, அப்பா?

இப்போது எதிரே கண்ணாடிக் கட்டடங்கள். கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைகள். போன வாரம் அம்மா என்னைத் திட்டிய சத்தம் கேட்டு இரண்டு பேர் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்கள். திட்டு தமிழில் இருந்ததாம்.

"ஆன்ட்டி, எந்த ஊருங்க?"

"வேலூர் பக்கம்பா."

"எங்களுக்குத் தேனி ஆன்ட்டி. இங்க நல்ல இட்லி எங்க கெடைக்கும்? தெனமும் போஹான்னு அவல் தின்னு நாக்கு செத்துப்போச்சு."

"இங்கதான். திங்கக்கெழம வா," என்றாள் அம்மா.

என்னைக் கேட்கவில்லை. உங்கள் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கேட்பதற்கா, சொல்வதற்கா?

நீங்கள் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. வேலியை எடுக்கப்போகும் செய்தி கேட்டுப் பெரியப்பா பிம்ப்ரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"வருஷ திதி முடியறவரிக்கும் ஒரு செங்கல்லக் கூட அசைக்கக் கூடாதும்மா. தம்பி கையால நட்டது. இந்த வருஷம் நல்ல காரியம் எதுவும் ஆகாது."

அம்மா டீயை அவர் கையில் கொடுத்தாள். "வேலியப் புடுங்கறது நல்ல காரியமா, கெட்ட காரியமா? நீங்களே சொல்லுங்க மாமா."

"இதுல இன்னா கேள்வி? கெட்ட காரியந்தான்."

"அப்ப செய்யலாம். நல்லதுக்குத்தான தடை?"

பெரியப்பா டீயை முழுதும் குடித்தார். நெடுநேரம் குடித்தார். பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படித்தவள் நான், எனக்கு இது தோன்றவில்லை.

வெல்டர் முதல் வேலிக்காலைச் சங்கிலியால் தன் டெம்போவோடு கட்டி இழுத்தார். கால் நின்றது. டெம்போவின் பம்பர் வளைந்தது. "வஹினி, ஹே நிக்ணார் நாஹி," என்றார். மராத்தியில், அண்ணி, இது வராது.

"வரவேணாம். அறு," என்றாள் அம்மா. தமிழில்தான். அவருக்குப் புரிந்தது.

அறுத்தார். தரைமட்டத்துக்கு. அம்மா செருப்பைக் கழற்றி, வெட்டிய முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சாப்பிட வர்ற புள்ள கால் கிழியும். இன்னும் கீழ."

ஆகவே ஒவ்வொரு காலைச் சுற்றியும் கான்கிரீட்டை உடைத்தோம். ஒன்றை மட்டும் அடிவரை தோண்டிப் பார்த்தேன். ஆங்கிளின் முனையை இரண்டாகப் பிளந்து விரித்திருந்தீர்கள். குறுக்கே ஒரு கம்பி. அதையும் வெல்டு செய்து. யாரும் பார்க்கப்போகாத ஆழத்தில் அத்தனை சுத்தமான வேலை.

குழிக்குள் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவா பயந்தீர்கள்? யாரிடமும் சொல்லாமல்?

மற்றவற்றின் அடி மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டோம். மேலே சிமெண்ட் பூசியாயிற்று. வீட்டைத் தாங்குவதுபோல அவை அங்கே இருக்கட்டும்.

நேற்று கடைசிக் கால். அம்மா மெஷினைக் கேட்டாள். வெல்டர் கொடுக்கத் தயங்கினார். அவள் உங்கள் ஃபேக்டரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டியபடியே நின்றாள். கொடுத்துவிட்டார்.

தீப்பொறி, அப்பா. சேலைக்கு மேல் உங்கள் பழைய காக்கிச் சட்டை, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்த மெஷின், முழங்கால்வரை பொறி. இத்தனை வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு முகம் இருந்தது எனக்குத் தெரியாது.

கால் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தது பெரியப்பா. வேடிக்கை பார்க்கத்தான் வந்ததாகச் சொல்லியிருந்தார். நான் தோண்டியெடுத்த அந்த ஒரு அடியைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாவி, இன்னா வெல்டிங் போட்டுக்கிறான் பாரு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, திங்கக்கெழம எனுக்கும் ரெண்டு இட்லி உண்டா?"

"வரிசையில நில்லுங்க மாமா."

பிறகு அம்மா வாசலிலிருந்து சாலைவரை நடந்தாள். நேராக. எதையும் சுற்றாமல். திரும்பி நின்று வீட்டைப் பார்த்தாள். வெல்டர் கைதட்டினார். நானும் தட்டினேன். எதிர்க் கட்டடத்துக் காவலாளி எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

கோபமா அப்பா? கோபமென்றாலும் சரி. நாங்கள் ஜெயித்துவிட்டோம். உங்களையும்தான்.

ஒரு வாக்கு. இந்த மனையில் ஒரு கல்லும் நகராது, நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் பயத்தில் என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன். அம்மா தலையில் அதை ஏற்ற மாட்டேன். அவளை யாரும் இனி உள்ளே போகச் சொல்ல முடியாது. நான் உட்பட.

இன்று ஞாயிறு. இதை எழுதிவிட்டு அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
தேன்மொழி