ஒரு மூடி மருந்து

18-11-1998, புதன்

மழை விட்டுவிட்டது, கரிசல் விடவில்லை. பால்வாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் செருப்பு ஒவ்வொன்றும் அரைக் கிலோ ஏறிவிட்டது. குச்சியால் சுரண்டிவிட்டு உள்ளே போனேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் புதன்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகள் நடுவே உட்காராவிட்டால் எனக்கு வாரம் ஓடுவதில்லை.

பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். மருந்து என்றாலே ஓடுகிறார்கள் என்று ஆயா சொன்னாள். அதனால் இன்று அதுதான் பாடம். "இருமுதா? மருந்து ஒரு மூடி. ஒரே ஒரு மூடி. கண்ண மூடு, மடக்குனு குடி. இருமல் ஓடியே போச்சு." வெறும் மூடியை வைத்து நடித்துக் காட்டினேன். எதிர் வீட்டுச் சிவனாண்டி மகள் பேபிதான் அச்சு அசலாகச் செய்தாள். ஐந்து வயது இன்னும் முடியவில்லை. குடித்தமாதிரி அவள் முகம் சுளித்ததில் எல்லாரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து ஜானகியிடமும் நடித்துக் காட்டினேன். "பென்ஷன் வாங்கியும் உங்க வாய்க்கு ஓய்வு கிடைக்கலயே" என்றாள்.

21-11, சனி

ஊரே பருத்திக்கு மருந்தடிக்கிறது. ஜன்னலைச் சாத்தியும் வாடை போகவில்லை. சிவனாண்டி முதுகில் ஸ்பிரேயரோடு போனான். என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவன். "மருந்தடிக்கப் போறேன் சார்வாள்." மூக்கில் துண்டு கட்டவில்லையா என்றேன். "எனக்கு அது பழகிட்டு."

25-11, புதன்

பால்வாடிக்குப் போகவில்லை.

நேற்று மதியம் எதிர் வீட்டில் பேபியின் அம்மா சொர்ணத்தாய் அலறினாள். ஓடினேன். பேபி தரையில் கிடந்தாள். வாயில் நுரை நுரையாக எச்சில். கண்பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் இருமல் டானிக் பாட்டில். பருத்திக்கு அடித்தது போக மிச்சத்தைச் சிவனாண்டி அந்தக் காலி பாட்டிலில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். யாரோ வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று தடுத்தேன். சரியா தவறா என்று அப்போது எனக்கே தெரியாது. சரிதான் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "என்ன மருந்து?" பாட்டிலில் ஒட்டியிருப்பது இருமல் டானிக்கின் பேர். சிவனாண்டி, "தத்துப்பூச்சிக்கு அடிக்கது சார்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் நின்றான். புஞ்சை வரப்பில் கிடந்த மருந்து டப்பாவை எடுத்துவர ஆள் அனுப்பினோம். அது வந்ததும் அதில் இருந்த பேரைப் படித்துச் சொன்னேன். ஊசி போட்டுப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஏன் குடித்தாள்? அந்த வாடைக்குப் பெரியவர்களே வாயருகே கொண்டுபோக மாட்டார்கள். சின்னப் பிள்ளை எப்படி —

26-11

தகவல் இல்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு மூன்று தடவை நடந்தேன்.

28-11, சனி

பாளையங்கோட்டை போய் வந்தேன். பிழைத்துவிட்டாள். தண்ணீர் கலந்த மருந்து. வாயில் ஊற்றியதில் பெரும்பகுதியைத் துப்பியும் விட்டாளாம். அதனால் தப்பினாள்.

குரல் கம்மியிருக்கிறது. என்னைக் கண்டதும் பெருமையாகச் சொன்னாள்: "சார்வாள், ஒரு மூடிதான் குடிச்சேன். கண்ண மூடிக்கிட்டேன்."

சொர்ணத்தாய் அவள் தலையைத் தடவி, "என்னமோ பெனாத்துதா" என்றாள்.

பஸ் கயத்தாறு தாண்டும் வரை அன்று மூடியைப் பிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது நான் சொல்லிக் கொடுத்தது என்று ஏன் வாயைத் திறக்கவில்லை? இந்த வயதில் யாருக்குப் பயம்?

1-12, செவ்வாய்

உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் உட்காருகிறேன். ஜானகி, "தரை தேயுது" என்கிறாள்.

ஒரே ஒரு சொல். தீப்பெட்டி ஆபீசில் குச்சி முனையில் பூசுவது மருந்து. வெடிக்குள் அடைப்பது மருந்து. பருத்திக்கு அடிப்பது மருந்து. இருமலுக்கு அம்மா தருவதும் மருந்து. 'அவன் மருந்தைக் குடிச்சிட்டான்' என்று யாராவது சொன்னால் இந்த ஊரில் அழுதுகொண்டு ஓடுவோம். அதே வாக்கியத்தைப் பால்வாடியில் சொன்னால் கை தட்டுவோம். முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவன், உதாரணம் இல்லாமல் எதையும் சொல்லாதவன், இதை ஒருநாளாவது யோசித்தேனா?

7-12, திங்கள்

பேபி வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் கோவில்பட்டி உரக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இனிமே இதை மருந்துனு விக்காதீங்க. விஷம்னு சொல்லி வில்லுங்க."

கடைக்காரர் நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சார்வாள், ஒருத்தன் வந்து அரை லிட்டர் வெசம் குடுங்கன்னா, நான் எடுத்துக் குடுக்கவா, அவன் பொண்டாட்டிக்கு ஆள் அனுப்பவா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

திரும்பி வந்து சிவனாண்டியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "வெள்ளாமைக்குப் போகும்போது வெசம்னு சொல்லிட்டு இறங்கச் சொல்லுதீங்களா? பயிர் நிக்குமா?"

9-12, புதன்

பால்வாடியில் சுருக்கமாக முடித்துவிட்டேன். மருந்து என்று எதைச் சொன்னாலும் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது. மூன்று தடவை சொல்ல வைத்தேன். பேபிதான் சத்தமாகச் சொன்னாள்.

14-12, திங்கள்

பேபிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஒரு சொட்டு மருந்து இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொள்கிறாள். கேட்டால், "சார்வாள் குடிக்கக் கூடாதுன்னாவ."

சொர்ணத்தாய் வந்து வாசலில் நின்றாள். "நீங்க சொன்னாத்தான் குடிப்பாளாம். வந்து சொல்லுங்க."

வாசலிலேயே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஒரு மூடி, கண்ண மூடு, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான் தாயீ, பிள்ளை பெனாத்தலை.

"அவ பெனாத்தலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "நீங்க எப்பம் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

முன்னால் நடந்தாள்.

பேபி உடம்பு அனலாக இருந்தது. நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. கேட்டேன்.

"அன்னைக்குக் குடிச்சியே, அது என்னட்டி?"

மூக்கைச் சுளித்தாள். "நெடி."

"இப்பம் டாக்டர் குடுத்தது?"

"மருந்து."

"நெடிய யாரு எடுத்தா?"

"நானு."

"இத யாரு தாரா?"

அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

15-12

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. நெடி நல்ல பேர்தான். ஆனால் நெடி இல்லாத விஷமும் உண்டே. நெடி அடிக்கும் மண்ணெண்ணெயையே தண்ணீர் என்று குடித்த பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். பேர் மட்டும் போதாது. தானாக எடுத்தால் எதுவுமே மருந்து இல்லை, அம்மா கையில் இருந்து வந்தால்தான் மருந்து. நாளைக்குப் பால்வாடியில் இப்படிச் சொல்ல வேண்டும். முதலில், போன வாரம் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது?

16-12, புதன்

சொன்னேன். "சார்வாள் தப்பாச் சொல்லிட்டேன்." ஒரு பயல், "அப்பம் முட்டி போடுங்க" என்றான். போட்டேன்.

20-12, ஞாயிறு

என் பழைய டிரங்குப் பெட்டியைப் பூட்டோடு சிவனாண்டியிடம் கொடுத்தேன். எல்லா டப்பாவையும் இதில் வை, டானிக் பாட்டில், கலர் சோடா பாட்டில் எதிலும் மாற்றி ஊற்றாதே என்றேன்.

"அவசரத்துக்குச் சாவிய எங்கன தேடுது?"

"தேடு. நீயே தேடணும்னா பிள்ளை கைக்கு எப்படிக் கிடைக்கும்?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். சொர்ணத்தாய் வாசல் திண்டில் முறத்தோடு இருந்தாள். அன்றைக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் தெருவில் இறங்கினால் உள்ளே போய்விடுகிறாள்.

2-1-1999

ஜானகி சொல்கிறாள்: "அவ கோபம் நியாயம். நீங்க சும்மா இருங்க." சும்மா இருப்பது எப்படி என்று எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை.

11-1, திங்கள்

காலையில் சிவனாண்டி ஸ்பிரேயரோடு போனான். மூக்கைச் சுற்றித் துண்டு. அரைஞாண் கயிற்றில் டிரங்குப் பெட்டிச் சாவி ஆடியது.

"நெடி அடிக்கப் போறேன் சார்வாள்."

அவர்கள் வாசலில் பேபி நின்றாள். சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் இருந்தது, எடுத்து நீட்டினேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மாட்ட குடுங்க."

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த சொர்ணத்தாய் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குடுங்க சார்வாள்."

வாங்கி, தாளைப் பிரித்து, மகள் வாயில் அவளே போட்டாள்.