அப்பாவின் அறுபத்திரண்டு பதிவுகள்

அண்ணா, என் குயா எஃப்ரென்,

நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. பன்சித் நூடுல்ஸ் அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. பிழிந்துகொள்ள கலமான்சி எலுமிச்சை ஃப்ரிட்ஜில். அப்பாவின் நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு லூர்தெஸ் அத்தை மூன்று மணிக்கு வருவார். நான் மெழுகுவர்த்தி வாங்கப் போகிறேன்.

ஜெபத்தில் போட அப்பாவின் குரல் பதிவுகளைக் கேட்டாயே, அவை இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் நேற்று உன்மேல் எரிந்து விழுந்தேன்.

"ஒரு மாசமா பைத்தான் படிச்சு, பேரைக் கேட்டு ஹலோ சொல்ற புரோகிராமைத்தான் எழுதுறியா?" என்று கிண்டல் செய்தாய். உருப்படியாக ஒன்று செய்ய நினைத்தேன். கப்பல் வேலையிலிருந்து அப்பா அனுப்பிய அறுபத்திரண்டு பதிவுகளுக்கும் தேதியையே பெயராக வைக்க ஒரு நிரல் எழுதினேன். போனிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் லேப்டாப்புக்கு மாற்றியிருந்தேன். அந்த ஒரு தேதிதான் எல்லாக் கோப்பிலும் இருந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் விழுந்து, ஒவ்வொன்றும் முந்தையதை அழித்துக்கொண்டே போனது. லேப்டாப்பில் இருக்கும் லினக்ஸ், பழையதை அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிழையில்லாமல் ஓடிய என் முதல் நிரல் அது. கை தட்டிச் சிரித்தேன், குயா.

போனில் இடமில்லை என்று அங்கே முன்பே அழித்துவிட்டேன். மீட்க முடியாது என்று கம்ப்யூட்டர் கடைக்காரரும் சொல்லிவிட்டார்.

அத்தை முன்னால் திட்டாதே. அவர் போனதும் திட்டு.

ஜோவி

ஒரே ஒரு பதிவு மிஞ்சியிருக்கிறது. ஜெபத்தில் போடலாமா என்று நீயே முடிவு செய். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே, "எஃப்ரென், கேக்குதாடா? சிக்னலே இல்ல. கரைக்கு வந்து பேசுறேன்" என்கிறார்.